பல் டாக்டருக்கு ஓர் அருவி

அந்தக் குடியிருப்பில் அவருக்கு மேகம் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். மனிதர் நிலக்காட்சிப் புகைப்படக்காரர். மலை, ஏரி, வயல், வானம் இவற்றைத் தவிர வேறு எதன் பக்கமும் கேமராவைத் திருப்ப மாட்டார். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால், "பின்னாடி குன்று ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். பால்கனியில் கேமராவை நிறுத்திவைத்து, "அந்த மேகம் கொஞ்சம் நகரட்டும்" என்று அண்ணாந்து நிற்பார். அடுப்பில் பால் பொங்கி வழியும், வாசல் மணி அடித்து ஓயும். அந்த மேகம் நகரும் வரை இந்த மேகம் நகராது.

அவர் மனைவிக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. "சும்மா நின்னுக்கிட்டிருந்த காரு தானா உருண்டுபோய் மரத்துல மோதிடுச்சு மேடம்" என்று வருகிறவர்களின் கதைகளைக் கேட்டு, எது நடந்தது, எது புளுகு என்று பிரிப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டில் கணவர் சொல்லும் கதைகளையும் அவள் அதே முகத்தோடுதான் கேட்பாள். கையில் பேனா இருக்காது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவரைப் பல் டாக்டர் அம்மா கூப்பிட்டனுப்பினார். மெல்லிய குரல், இரும்புப் பிடி. அவருடைய புதிய மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்க வெறுமையாக இருந்தது.

"இங்க உட்கார்றவங்க உள்ளே ஓடுற டிரில் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பாதி உயிரை விட்டுடறாங்க. இந்தச் சுவர் முழுக்க எனக்கு ஒரு அருவி வேணும். பார்த்ததும் உடம்பெல்லாம் இறுக்கம் விட்டு, அப்படியே இளகிடணும். முடியுமா?"

"இளகிடுவாங்க டாக்டர்" என்றார் மேகம். பிற்பாடு இந்த வார்த்தையை அவர் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவருடைய கார் அப்போது பட்டறையில் கிடந்தது. அதனால் மைத்துனனின் வேனில் கிளம்பினார்கள். மனைவியின் தம்பியான அவனுக்குக் குழாய் வேலை. வேனுக்குள் குழாய்கள், வாஷ்பேசின், திருகு சாமான்கள், ஒரு வாடிக்கையாளரின் குளியலறைக்காக வாங்கிய பொருட்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் ஒரு சமையலறையே உருண்டு விழுவதுபோல் சத்தம் கேட்டது. மைத்துனன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். மேகம் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார். அந்த உம்களில் ஒன்றின் மூலம், அடுத்த மாதம் அவன் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்குவதற்கும் சம்மதித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தார்கள். அருவி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. உயரமான கரும்பாறை, அதன் நடுவில் சளி பிடித்த குழந்தையின் மூக்கைப் போல ஒரு மெல்லிய ஈரக்கோடு.

மேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மைத்துனன் மட்டும் இடுப்பில் கைவைத்துப் பாறையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொழில்காரனின் கம்பீரத்தோடு சொன்னான்:

"மாமா, இது அடைப்பு."

"மாப்ளே, இது இயற்கை."

"எதுவா இருந்தாலும் தண்ணி மேலேருந்துதானே வரணும்? நான் போய் என்னன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று ஸ்பானரையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக மேலே நடந்துவிட்டான்.

தனியாக விடப்பட்ட மேகம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அருவியின் உச்சியில், தண்ணீர் விழ வேண்டிய இடத்திலேயே, யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அது சட்டகத்தில் இருக்கக்கூடாது. பக்கவாட்டுப் படிகளில் ஏறிப் போனார். நாற்காலியைச் சுற்றி முழங்கால் அளவுக்குப் பச்சைப் பாசிக் குட்டை. பேன்ட்டைக் கழற்றிப் பாறைமேல் மடித்து வைத்துவிட்டு இறங்கினார். நாற்காலியை இழுத்துக் கரையில் எறிந்தார். எறிந்ததும், கீழேயிருந்து பார்த்தால் இப்போது எப்படி இருக்கும் என்று மனசு துடித்தது. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை. ஒரே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று, சட்டையும் தொப்பியும் காலணியும் கோடுபோட்ட உள்டவுசருமாகக் கீழே இறங்கி வந்தார்.

மேலே, வளைவுக்கு அப்பால், ஒரு சின்னத் தடுப்பணை இருந்தது. அதன் மதகுக் காவலர் அன்று காலையிலிருந்து ஒரு துருப்பிடித்த திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மதகைக் கொஞ்சம் தூக்கிச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருந்தது. மதகு அசைந்தால்தானே? அந்த நேரம் பார்த்து ஸ்பானரும் எண்ணெய்க் குப்பியுமாக மைத்துனன் போய் நின்றான். இருவரும் பார்த்தவுடனே ஒட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் திருகு இளகியது. விதிப்படி, திறப்பதற்கு முன் காவலர் சங்கு ஊதினார்.

கீழே மேகத்தின் காதிலும் சங்கு விழுந்தது. எங்கோ தொழிற்சாலையில் வேலை தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அவருக்குத் தெரியும். ஆனால் அது தன் கதையாகப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் மேலே ஒரு உறுமல். அப்புறம் வெள்ளை வெளேரென்று, பாறையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, அருவி கொட்டியது. அதே நொடியில் வானத்து மேகம் விலகி, சாய்ந்த வெயில் அதன்மேல் விழுந்தது. வாழ்நாளெல்லாம் காத்திருந்தாலும் அமையாத வெளிச்சம்! அவர் கேமராவை நோக்கிப் பாய்ந்தார். பொத்தானில் விரல் வைத்தபோதுதான் பார்த்தார்: அருவியின் உச்சியிலிருந்து, இரண்டு காலையும் அகல விரித்துக்கொண்டு, பள்ளி விட்டுத் துள்ளி வரும் பிள்ளையைப் போல, அவருடைய பேன்ட் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். விழுந்த இடத்திலிருந்து கரை ஒன்றும் தூரமில்லை. ஆனால் வெளிச்சம் நிற்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பேன்ட் அருவியடிக் குட்டையில் ஒரு சுற்றுச் சுற்றியது, அவரைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதுபோல் இடுப்பைத் தூக்கியது, பிறகு வீட்டுச் சாவியையும் தூக்கிக்கொண்டு ஆற்றோடு போய்விட்டது.

அந்த வட்டாரத்தில் சங்கு ஊதினால் அருவியில் தண்ணீர் விழும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும் போலிருக்கிறது. எங்கிருந்துதான் வந்தார்களோ, துண்டும் பந்துமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மேகம் ஒரு பாறைக்குப் பின்னால் மார்பளவுக்கு மறைந்துகொண்டு, கேமராவின் தாங்கியை முன்னால் இழுத்துவைத்து நின்றார். நகர முடியாது. தொப்பியும் பெரிய கேமராவுமாக ஒருவர் அசையாமல் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"சார், எங்க குடும்பத்தை ஒரு படம் எடுங்க சார்."

"நான் ஆளுங்களை எடுக்கிறதில்லைங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார். அப்பா ஆசைப்படறாரு. இங்க வந்து, நாங்க எப்படி நிக்கணும்னு சொல்லுங்களேன்."

"வேணாம் வேணாம்! இங்கேருந்தே எடுக்கறேன்!"

ஒரு குடும்பத்தை எடுத்ததும் அடுத்த குடும்பம் வந்தது. அப்புறம் அவர்களுடைய சம்பந்தி வீடு. பதினெட்டு வருஷமாக மனித முகத்தையே படம் எடுக்காத மனிதர், அன்று நடுப்பகல் வரை "குட்டிப்பாப்பா, இங்க பாரு, இங்க பாரு!" என்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

மைத்துனன் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தான். "பார்த்தீங்களா மாமா? அடைப்புன்னு அப்பவே சொன்னேன்!" பாறைக்குப் பின்னால் வந்தவன் அப்படியே நின்றான். "மாமா... பேன்ட் எங்க?"

"அருவியில."

"எடுத்துட்டு வரட்டுமா?"

"இந்நேரம் அது கடலுக்கே போயிருக்கும்டா."

வேனில் இருந்த துணி என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளரின் குளியலறைக்கு வாங்கிய பிளாஸ்டிக் திரை. நீல நிறத்தில், முழுக்க மஞ்சள் வாத்துகள். மேகம் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் அசைந்தாலும் அது மொரமொரவென்று சத்தம் போட்டது.

பாதி வழியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வேனை நிறுத்தினார். பின்பக்க விளக்கு எரியவில்லையாம்.

"ரெண்டு பேரும் கீழே இறங்குங்க."

"நான் இறங்க முடியாதுங்க" என்றார் மேகம்.

"ஏன் முடியாது?" காவலர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். வாத்துகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சார், இவரு போட்டோகிராபர்" என்றான் மைத்துனன் அவசரமாக, எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கம் என்பதுபோல.

"குழந்தைங்களை எடுப்பாரா?"

"காலையிலேருந்து அதைத்தான் சார் செஞ்சுக்கிட்டிருந்தாரு."

காவலர் இரக்கத்தோடு தலையாட்டினார். "கஷ்டமான வேலைதான். போங்க, போங்க."

வீட்டு வாசலில் மைத்துனன் அவரை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். சாவி ஆற்றோடு போயிருந்தது. மனைவி மட்டும்தான் வீட்டில் இருப்பாள், ஒரு நொடியில் உள்ளே நுழைந்துவிடலாம் என்று மேகம் மணியை அழுத்தினார். அன்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்பதும், சங்கச் செயலாளர் தன் மனைவிதான் என்பதும், கூட்டம் தன் வீட்டு ஹாலில்தான் என்பதும் அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

உள்ளே அப்போது ஒரு கடினமான விஷயம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. மேல்மாடிக்காரர் தினமும் காலையில் இடுப்பில் துண்டோடு கீழே இறங்கிச் செய்தித்தாள் எடுத்துப் போகிறார் என்று புகார். காரசாரமான வாக்குவாதத்துக்குப் பின், படிக்கட்டிலும் நடைவழியிலும் எல்லோரும் முழு உடையோடுதான் நடமாட வேண்டும் என்று மனைவி தீர்மானத்தைப் படித்தாள். மேல்மாடிக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று அவள் கேட்டபோதுதான் மணி அடித்தது. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து திறந்தார்.

மொரமொரவென்ற சத்தத்தோடு வாத்துகள் உள்ளே வந்தன. அவற்றுக்கு மேலே மேகமும் வந்தார்.

மேல்மாடிக்காரர் மெல்லத் தலை நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெயில் அடித்தது. "செயலாளர் அம்மா, ஒரு சந்தேகம். திரை, உடையில சேருமா, சேராதா?"

மேகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எல்லாரும் உட்காருங்க, உட்காருங்க" என்று, எழுந்திருக்காதவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் படுக்கையறைக்கு நகர்ந்தார். மொரமொர, மொரமொர. கதவு சாத்தியதும் ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. தீர்மானம் கைவிடப்பட்டது. மறுநாள் காலை மேல்மாடிக்காரர் வழக்கத்தைவிடச் சின்னத் துண்டோடு செய்தித்தாள் எடுக்க இறங்கினார்.

எல்லோரும் போனபிறகு மனைவி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அலுவலக முகத்தோடு கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல இதை எழுதிக் கொடுத்திருந்தா முதல் வரியிலேயே தள்ளுபடி பண்ணியிருப்பேன்" என்றாள். ஆனால் கணினியில் படத்தைப் பார்த்ததும் அந்த அலுவலக முகம் கழன்று விழுந்தது. "அழகா இருக்குங்க" என்றாள். பிறகு கணினித் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இது என்ன, மேலே நீலமா, சிறகு விரிச்சுக்கிட்டு?"

"அதுதான் என் பேன்ட்."

அவர் அதை நீக்கிப் பார்த்திருந்தார். நீக்கியதும் படமே செத்துப்போய்விட்டது. அதனால் அப்படியே விட்டுவிட்டார்.

படம் சுவரளவுக்குப் பெரிதாகி, நீள நீளமான தாள் சுருள்களாக வந்தது. ஒட்டும் பொறுப்பை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். ஒரு சுருளைத் தலைகீழாக ஒட்டியதில் அருவி நடுவில் மட்டும் மேல்நோக்கிப் பாய்ந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினார்கள். முடிந்ததும் டாக்டர் அம்மா வந்து பார்த்தார், கைகளைச் சேர்த்துக்கொண்டார்.

"பிரமாதம்! அந்த நீலப் பறவை என்ன பறவை?"

"ரொம்ப அபூர்வமானதுங்க" என்றார் மேகம். "ஒரு தடவைதான் பறக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். மைத்துனன் விடவில்லை. அன்று மதகடியில் நின்று கைபேசியில் பதிவு செய்த தண்ணீர்ச் சத்தம் அவனிடம் இருந்தது. ஒரு சின்ன ஒலிபெருக்கியை மூலையில் பொருத்தி அதை ஓடவிட்டான். சலசல, கொடகொட, சொட்டு, சொட்டு. "கண்ணுக்கும் அருவி, காதுக்கும் அருவி டாக்டர்!"

இரண்டு நாள் கழித்து, அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மனைவியோடு மேகம் அதைப் பார்க்கப் போனார். நடைவழியிலேயே திகைத்து நின்றார். மருத்துவமனைக் கதவிலிருந்து மாடிப்படி வரை ஒரே வரிசை. ஆணும் பெண்ணும் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேகம் நெஞ்சை நிமிர்த்தினார். என் படத்தைப் பார்க்கவா இத்தனை கூட்டம்? தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்ற ஒருவரை நெருங்கினார்.

"எப்படிங்க இருக்கு?"

"தாங்க முடியல சார்" என்றார் அவர். கண்களில் நீர் கோத்திருந்தது.

"அப்படியா!"

"இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே போனா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது."

"உணர்ச்சிவசப்படாதீங்க. நிதானமா..."

"நிதானமாவா? யோவ், போய் உள்ளே இருக்கிற ஆளைச் சீக்கிரம் வெளியே வரச்சொல்லு!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க." மாடிப்படியோரம், வரிசை தொடங்கிய இடத்தில் ஒரு கதவு. கதவில் கழிவறை என்று எழுதியிருந்தது.

மருத்துவமனைக்குள்ளிருந்து டாக்டர் அம்மா கையுறையோடு வெளியே வந்தார். குரல் இப்போதும் மெல்லியதுதான். "இளகிடுவாங்கன்னு சொன்னீங்க. இளகிட்டாங்க. வர்றவங்க எல்லாம் வந்து உட்கார்ந்த உடனே எழுந்துக்கறாங்க. இப்போ ஒருத்தர் வாயில பஞ்சோட ஓடிட்டாரு. நான் பாதிப் பல்லோட நிக்கறேன். படம் அருமை. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க."

அந்த நேரத்தில் மேல்மாடியிலிருந்து தடதடவென்று ஒரு பருத்த மனிதர் இறங்கி வந்தார். மேலே இருந்த ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை நிலையத்தின் சொந்தக்காரர். தன் நிலையத்துக் கழிவறையையும் கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்று சண்டை போட வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக அருவியைப் பார்த்தார். சலசலவென்ற சத்தத்தைக் கேட்டார். கோபம் பாதியில் நின்றது. முகம் சற்றே மாறியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"இது... யாரு எடுத்த படம்?"

"நான்தான். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பா? ஐயா, என் நிலையத்துல கையில கிண்ணத்தைக் கொடுத்துட்டு, குடம் குடமா தண்ணி கொடுத்துட்டு நாள் பூரா காத்துக்கிட்டிருக்கேன். வரலை, வரலைன்னு உட்கார்ந்திருக்காங்க. இந்தப் படத்தை எனக்குக் கொடுங்க. அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுங்க!" சொல்லி முடித்ததும் வரிசையை முந்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

டாக்டர் அம்மாவுக்கு மேகம் ஒரு பாறைக்குன்றின் படத்தைக் கொடுத்தார். பொட்டுத் தண்ணீர் இல்லாத, காய்ந்த, திடமான குன்று. பல்லுக்கு அதுதான் பொருத்தம் என்று டாக்டருக்கும் பட்டது.

அருவி புதுத்தாளில் அச்சாகி மேல்மாடிக்கு ஏறியது. முதல் நாள் பார்க்க மேகமும் மனைவியும் மைத்துனனும் அழைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரியவர் கையில் கிண்ணத்தோடு கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "அப்பா, இன்னும் ஒரு டம்ளர்..." "வராதுடா, விடு" என்று முகத்தைத் திருப்பிய பெரியவரின் கண் சுவரில் பட்டது. பார்த்தார். புருவம் உயர்ந்தது. கழுத்து நீண்டது. கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலில் நடந்தார், அப்புறம் ஓடினார்.

மேகம் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார். "பார்த்தியா? பார்த்தியா?" எத்தனை கண்காட்சிகளில் அவருடைய படங்கள் தொங்கியிருக்கின்றன! வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்பார்கள். அவர் படம் ஒரு மனிதரை இப்படி எழுப்பி ஓடவைத்தது இதுவே முதல் தடவை.

மனைவிக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "என்னங்க, கொஞ்சம் நகருங்க... எனக்கும்..." என்று கைப்பையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"அக்கா, நில்லு! எனக்கு அவசரம்!" என்று பின்னாலேயே ஓடினான் தம்பி.

மேகம் கைப்பையோடு தனியாக நின்றார். பின்னால் சலசலத்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, அந்தப் பக்கம் மறந்தும் திரும்பாமல், கூரையில் ஓடிய மின்விசிறியின் இறக்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.